ஏஜென்சிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: ஆன்லைன் கடைக்கு உங்கள் ஆட்களைத் தயார் செய்யும் முழுமையான வழிகாட்டி

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் யாரிடமும் லேப் டிப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், கேட்ட நிறத்தில் ஒரு சின்னத் துண்டுக்குச் சாயம் போட்டு அனுப்புவோம். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மொத்த நூலோ துணியோ சாயப்பட்டறைக்குப் போகும். மூன்று நாளில் வரவேண்டிய அந்தப் பதில் பதினைந்து நாள் கழித்து வரும். ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகராது. கடைசியில் கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போகும், செலவு நம் தலையில் விழும்.

நான் கோவையில் வெப்சைட்டும் ஆன்லைன் கடையும் கட்டித் தரும் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் எட்டு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தேன். பிறகு கரூரில் ஒரு துணி நிறுவனத்தில் சேர்ந்து, பெட்ஷீட்டும் டவலும் நேரடியாக விற்கும் ஆன்லைன் கடையைக் கட்டி முடித்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஏஜென்சியோடு செய்யும் வேலையில் நாம்தான் பையர். நம்மை எத்தனையோ முறை காக்க வைத்த பையர் மாதிரியே நாமும் அவர்களைக் காக்க வைக்கிறோம். நான் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை ஏஜென்சி கோடு (code, நிரல்) எழுதும் இடத்தில் நடந்தவை அல்ல. படம் வரவில்லை, விலைப்பட்டியல் முடிவாகவில்லை, முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்று நம் வீட்டுக்குள்ளேயே நடந்தவை.

அதனால்தான் இந்த வழிகாட்டி ஏஜென்சி வருவதற்கு முந்தைய நாலைந்து வாரங்களைப் பற்றி அதிகம் பேசுகிறது. இருபது பேர் முதல் நூறு பேர் வரை வேலை செய்யும், சொந்தமாகப் பொருள் தயாரிக்கும் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

"நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்" என்றுதான் எல்லா வேலையும் ஆரம்பிக்கும். அது போதாது. வெளிநாட்டு பையர் பார்ப்பதற்கான கேட்லாக் வேண்டுமா, சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம் இரண்டு பெட்ஷீட் வாங்கும் கடை வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள். கேட்லாக் என்றால் சான்றிதழ்கள், தறி விவரம், விசாரணைப் படிவம் வேண்டும். கடை என்றால் பேமெண்ட், கூரியர், ரிட்டர்ன் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

அந்தப் பக்கத்தில் நாலு விஷயம் இருந்தால் போதும்: யார் வாங்கப் போகிறார்கள், அவர்கள் தளத்துக்கு வந்து என்ன செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டரை நம்மால் பேக் செய்து அனுப்ப முடியும், முதல் கட்டத்தில் என்னவெல்லாம் வேண்டாம்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் பேக்கிங் மேசையில் இருந்தவர்கள் வருடக்கணக்கில் கண்டெய்னருக்கு அட்டைப்பெட்டி கட்டியவர்கள். ஒரு பெட்டிக்கு 24 பீஸ், ஒரே சைஸ், ஒரே நிறம். ஒரு பெட்ஷீட், இரண்டு தலையணை உறை, ஒரு பில் என்று தனித்தனியாகக் கவரில் போட்டு முகவரி ஒட்டுவது அவர்களுக்குப் புது வேலை. உட்கார வைத்துச் செய்து பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு நாற்பது கவர்தான் முடிந்தது. விளம்பரச் செலவு முதல் கூரியர் ஒப்பந்தம் வரை எல்லாவற்றையும் அந்த நாற்பதுதான் தீர்மானித்தது.

நாலாவது கேள்விக்கு நாங்கள் எழுதியது: மொபைல் ஆப் வேண்டாம், பாயிண்ட் சேர்க்கும் திட்டம் வேண்டாம், வெளிநாட்டு டெலிவரி வேண்டாம். பிறகு ஏஜென்சி அழகாக ஒன்றைக் காட்டி ஆசை மூட்டும்போதெல்லாம் இந்த வரியை எடுத்துப் பார்த்தோம்.

2. முடிவு சொல்ல ஒரே ஆள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏஜென்சியில் இருந்தபோது ஒரு குடும்ப நிறுவனத்துக்கு வேலை செய்தோம். அப்பா, இரண்டு மகன்கள். மூவருமே நல்லவர்கள், மூவருக்குமே அக்கறை இருந்தது. பெரிய மகன் காலையில் போன் செய்து பச்சை வேண்டும் என்பார். மதியம் சின்னவர் வாட்ஸ்அப்பில் நீலம் அனுப்புவார். மாலையில் அப்பா, "பழைய லெட்டர்பேடில் இருக்கிற மெரூன்தான் நம்ம அடையாளம்" என்பார். முகப்புப் பக்கத்தை ஏழு முறை வரைந்தோம். மூன்று மாத வேலை பதினோரு மாதம் போனது. எங்களுக்கும் நஷ்டம், அவர்களுக்கும் நஷ்டம், தீபாவளி வியாபாரமும் போயிற்று. மூவரில் ஒருவரிடம் கடைசி வார்த்தையை விட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

யாரை வைப்பது? "கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார்" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். ஏஜென்சி கேட்கும் பத்துக் கேள்விகளில் எட்டு கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருக்காது. கிங் சைஸில் எத்தனை நிறம் ஸ்டாக் இருக்கும், சாயம் போனால் பணம் திருப்பித் தருவோமா, சில்லறை விலை என்ன என்பதுதான் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

துணித் தொழிலில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். மெர்ச்சண்டைசர்! பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, எந்த சாம்பிள் எந்தத் தேதிக்குப் போக வேண்டும், யார் அப்ரூவல் தர வேண்டும் என்று டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட் போட்டு வேலை வாங்குபவர். ஏஜென்சி வேலைக்கும் அதே சார்ட் போதும். நூல், நெசவு, சாயம் என்று இருக்கும் இடத்தில் படம், விலை, டிசைன், டெஸ்டிங் என்று எழுதிக்கொள்ளலாம். வேறு தொழிலில் இருப்பவர்கள், கோடவுனிலும் அக்கவுண்ட்ஸிலும் பேச்சு செல்லுபடியாகும் ஒருவரைத் தேடுங்கள்.

ஆளைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, மூன்றைக் கையில் கொடுக்க வேண்டும். முதலாவது நேரம்: தினமும் அரை நாள். அதற்கு அவருடைய பழைய வேலையில் பாதியை வேறு யாருக்காவது மாற்றியே ஆக வேண்டும். எங்கள் மெர்ச்சண்டைசர் ஒரு பெண், அவர் கையில் ஐந்து பையர்கள் இருந்தார்கள், இரண்டு பேரை வேறு ஆளிடம் கொடுத்தோம். இரண்டாவது அதிகாரம்: இவ்வளவு ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவுக்குச் சரி சொல்லலாம் என்ற வரம்பு. எங்களிடம் அது 25,000 ரூபாய். மூன்றாவது, முதலாளியின் வாய்மொழி ஆதரவு. எல்லோர் முன்னாலும், "இந்த விஷயத்தில் அந்தப் பொண்ணு சொல்றதுதான்" என்று ஒரு முறை சொல்லிவிட வேண்டும். கோடவுன் கணக்குப்பிள்ளைக்கு அதற்கு மேல் எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படாது.

3. வேலை யார் தலையில் கூடுகிறதோ அவர்களை உட்கார வையுங்கள்

ஒரு மணி நேரக் கூட்டம் போதும். அக்கவுண்ட்ஸ், கோடவுன், சேல்ஸ், போன் எடுப்பவர் எல்லோரும் வர வேண்டும். ஒரே கேள்வி: "இது வந்தால் உங்கள் வேலையில் என்ன கூடும்?"

வரும் பதில்கள் பொன்னானவை. அக்கவுண்டண்ட் எங்களிடம் கேட்டது: மாதம் முப்பது பெரிய பில் போட்ட நான், இனி தினமும் நாற்பது சின்ன பில் போடவேண்டுமா? ரிட்டர்ன் வந்தால் கிரெடிட் நோட் யார் போடுவது? அந்தக் கேள்வியால்தான் கடையின் பில்கள் தானாக டேலி கணக்கு மென்பொருளுக்குப் போகும் இணைப்பு முதல் கட்ட வேலையில் சேர்ந்தது. பாதியில் கேட்டிருந்தால் தனிச் செலவாகியிருக்கும். சேல்ஸ் ஆள் சொன்னது இன்னும் முக்கியம். "நாமே நேரடியாக வித்தா கடைக்காரங்க நம்மகிட்ட சரக்கு எடுப்பாங்களா அண்ணா?" நியாயமான பயம். கடைக்காரர்கள் விற்கும் விலைக்குக் கீழே ஆன்லைனில் போவதில்லை என்று அன்றே முடிவெடுத்து, நாலு பெரிய டீலர்களை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தோம்.

அப்புறம் ஸ்டாக். நோட்டில் ஒன்று, டேலியில் ஒன்று, ரேக்கில் ஒன்று இருக்கும். தளத்தில் எந்த எண் போகப் போகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து எண்ணிவிடுங்கள்.

4. படமும் எழுத்தும்: அதிகம் இழுக்கும் வேலை

"கன்டென்ட் நாங்கள் தருகிறோம்" என்று கொட்டேஷன் கூட்டத்தில் எல்லா வாடிக்கையாளரும் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்தும் தளம் காலியாக நிற்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணமாக இருக்கும். ஏஜென்சி தேடுவதற்கு முன்பே இதை ஆரம்பியுங்கள்.

முதலில் எக்செலில் ஒரு பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: பொருள் எண், பெயர், சைஸ் செண்டிமீட்டரிலும் அங்குலத்திலும், துணி வகை, எடை, நிறம், எம்ஆர்பி, ஹெச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்), துவைக்கும் முறை. ஆன்லைனில் விற்கும் பாக்கெட் பொருளுக்குத் தயாரிப்பாளர் பெயர்-முகவரி, எம்ஆர்பி, அளவு, எந்த நாட்டில் செய்தது போன்றவற்றைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகள் சொல்கின்றன. அவற்றுக்கும் பத்திகளை இப்போதே சேர்த்துவிடுங்கள். 200 பொருளுக்கு இதை நிரப்ப இரண்டு பேருக்கு இரண்டு வாரம் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. நன்றாக ஓடும் 40 பொருளோடு திறந்தால் போதும்.

படம் எடுக்கும்போது நிறத்தில் கவனம் வையுங்கள். பெட்ஷீட் திரும்பி வர முக்கியக் காரணங்களில் ஒன்று படத்தில் பார்த்த நிறம் வேறாக இருப்பது. போட்டோகிராபரிடம் படங்களை வாங்கும்போது அசல் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி சொல்லுங்கள். லேப் டிப் பார்க்கும் கண் நம் ஆட்களுக்கு உண்டு, அதை இங்கே பயன்படுத்தாமல் விடுவது வீண்.

தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கல். பழைய கேட்லாக், நிறுவன வரலாறு எல்லாம் டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரில் அடித்ததாக இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இருக்கும் அந்தத் தமிழைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எந்தக் கருவியிலும் சரியாகத் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் மாற்றிய பிறகு ஒருவர் முழுவதும் படித்துத் திருத்தியே ஆக வேண்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலத்திலிருந்து மெஷின் மூலம் மொழிபெயர்த்துப் போடாதீர்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் உங்கள் சேல்ஸ் ஆள் எப்படிப் பேசுகிறாரோ அதை ரெக்கார்ட் செய்து, அதிலிருந்து எழுதுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்கள் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ரிட்டர்ன், டெலிவரி, தனியுரிமைக் கொள்கைகளையும் இப்போதே எழுதி வையுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனங்கள் கணக்கைத் திறப்பதற்கு முன் தளத்தில் இந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரி யார்? உங்கள் ஆட்களில் ஒருவர்தான். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கட்டும்.

5. சாவிக்கொத்து உங்கள் கையில்

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. தன் நிறுவனத்தின் பெயர் கொண்ட டொமைனை (தள முகவரியை) திரும்ப வாங்க முடியாமல் அலைந்த சின்ன முதலாளிகளை நேரில் பார்த்திருக்கிறேன். டொமைனை ஏஜென்சி தன் கணக்கில் வாங்கியிருக்கும். சண்டை வந்ததும் பாஸ்வேர்ட் வராது.

டொமைன், ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்), கூகுள் அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவி), ஃபேஸ்புக்-இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கு, பேமெண்ட் கேட்வே எல்லாமே நிறுவனத்தின் பெயரில் தொடங்கப்பட வேண்டும். ஏஜென்சிக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள், உரிமையாளராக நீங்களே இருங்கள். இதற்கென்று நிறுவனத்தின் டொமைனில் தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் எல்லாமே அவரோடு போய்விடும்.

சில கணக்குகளுக்கு நாள் பிடிக்கும். அவற்றை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். பேமெண்ட் கேட்வேக்கு பான், ஜிஎஸ்டி சான்று, வங்கி விவரம் போன்றவை தயாராக இருக்கட்டும். வாடிக்கையாளருக்கு ஓடிபியோ ஆர்டர் தகவலோ எஸ்எம்எஸ்ஸில் போக வேண்டும் என்றால், தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி டிஎல்டி பதிவு வேண்டும். நிறுவனம், அனுப்புநர் பெயர், ஒவ்வொரு செய்தியின் வாசகம் என்று மூன்றும் தொலைபேசி நிறுவனத்தின் தளத்தில் பதிவாகி ஒப்புதல் பெற வேண்டும். இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. தளம் முழுவதும் முடிந்து, ஓடிபி மட்டும் போகாமல் இரண்டு வாரம் காத்திருந்த ப்ராஜெக்ட்கள் என் கணக்கில் மூன்று இருக்கின்றன. பிற்பாடு ஆப் செய்யும் எண்ணம் இருந்தால், நிறுவனத்தின் பெயரில் ஆப்பிள், கூகுள் டெவலப்பர் கணக்கு திறக்க நிறுவனத்தை அடையாளம் காட்டும் டி-யு-என்-எஸ் எண் கேட்பார்கள். அதுவும் ஒரே நாளில் கிடைத்துவிடாது.

6. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கொட்டேஷனில் சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதை பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தேதிப்படி தராமல் வேலைப்படி பிரித்துக் கொடுங்கள்: டிசைன் முடிந்ததும், டெஸ்ட் தளம் கைக்கு வந்ததும், திறந்ததும், திறந்து ஒரு மாதம் ஓடியதும்.

காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் கோடு நமக்குத்தான் சொந்தம் என்று நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெளி ஏஜென்சி எழுதிய கோடு, எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்கும் வரை ஏஜென்சிக்கே சொந்தம். மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே "முழு உரிமையும், நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் தளத்தில் சேரும். ஏஜென்சிதான் அதைக் கையாள்கிறது என்றாலும் பொறுப்பு உங்கள் மேல்தான் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அதில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஏஜென்சியில் யாரெல்லாம் அந்தத் தரவைப் பார்க்க முடியும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேலைப் பட்டியலில் சின்ன விஷயத்தையும் எழுதுங்கள். அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்ற கார் வாடகை நிறுவனம் 2019-இல், தளம் செய்யும் வேலையைக் கொடுத்திருந்த அக்சென்ச்சர் நிறுவனத்தின் மேல் 3.2 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. ஹெர்ட்ஸ் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று, போனுக்கும் பெரிய திரைக்கும் மட்டும் தளம் செய்துவிட்டு, டேப்லெட் அளவுக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள் என்பது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு நடுவிலேயே எந்தெந்தத் திரை அளவு என்பது சண்டையாகியிருக்கிறது. எத்தனை பக்கம், எந்தெந்தப் பின்கோடுக்கு டெலிவரி, எத்தனை முறை திருத்தம் இலவசம், தமிழ்ப் பக்கம் உண்டா என்று எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் கொண்டு வந்துவிடுங்கள்.

7. வேலை நடக்கும்போது பதில் சொல்லும் முறை

வாரம் ஒரு கூட்டம், ஒரே கிழமை, ஒரே நேரம். டிசைன் வந்தால் இரண்டு வேலை நாளுக்குள் பதில். வீட்டில் எத்தனை பேர் கருத்துச் சொன்னாலும் அதை உங்கள் ஆள் ஒரே தாளில் சேர்த்து, முரண்பாட்டைத் தீர்த்து, ஒரே மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் முடிவு எடுக்காதீர்கள். "குட் மார்னிங்" படங்களுக்கு நடுவில் போன அப்ரூவலை ஆறு வாரம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது.

கருத்தை எப்படிச் சொல்வது என்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். "ஏதோ சரியில்லை" என்றால் டிசைனர் தலையைப் பிய்த்துக்கொள்வார். "எங்கள் வாடிக்கையாளர் முதலில் சைஸைத்தான் பார்ப்பார், இங்கே சைஸ் கீழே போய்விட்டது" என்றால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். தீர்வைச் சொல்லத் தேவையில்லை, பிரச்சினையைச் சொன்னால் போதும். நல்ல வேலை செய்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நல்ல வார்த்தை கேட்ட வாரத்தில் எங்கள் டீம் அந்த வாடிக்கையாளர் வேலையைத்தான் முதலில் எடுக்கும்.

8. திறப்பதற்கு முன் உங்கள் ஆட்களே வாங்கிப் பார்க்கட்டும்

ஏஜென்சி அவர்கள் பங்குக்கு டெஸ்ட் செய்யும். அது வேறு. பத்து ஊழியர்களுக்கு ஆளுக்கு ஐநூறு ரூபாய் கொடுத்து, அவரவர் போனில், அவரவர் வீட்டு முகவரிக்கு உண்மையான ஆர்டர் போடச் சொல்லுங்கள். யூபிஐ, கார்டு, கேஷ் ஆன் டெலிவரி எல்லாம் வரட்டும். இரண்டு பேர் ரிட்டர்ன் கேட்கட்டும். ஒருவர் தவறான பின்கோடு போடட்டும். எங்கள் சோதனையில் கண்டுபிடித்தது: தறிக்கூடத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரின் பழைய போனில் "வாங்கு" பட்டன் திரைக்குக் கீழே மறைந்து போயிருந்தது. ஏஜென்சியின் புதுப் போன்களில் அந்தக் குறை தெரியவே இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் திறக்காதீர்கள். பண்டிகை வியாபாரம் வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே, ஆர்டர் குறைவாக வரும் நாளில் சத்தமில்லாமல் திறந்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்புங்கள். பழைய தளம் இருந்தால், அதன் பக்க முகவரிகள் எல்லாம் புதிய பக்கங்களுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கின்றனவா என்று ஏஜென்சியிடம் பட்டியல் கேளுங்கள். இல்லாவிட்டால் கூகுளில் இத்தனை வருடம் சேர்த்த இடம் போய்விடும்.

திறந்த முதல் மாதம் உங்கள் ஆள் அதே அரை நாளைத் தொடர வேண்டும். காலையில் ஆர்டர் பார்ப்பவர் யார், மாலை ஆறு மணிக்கு மேல் வரும் போனை எடுப்பவர் யார், கூரியர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது, ஒரு நாளைக்கு எத்தனை கவர் என்பதை ஒரு தாளில் எழுதிப் பேக்கிங் மேசைக்கு மேல் ஒட்டினோம். அந்தத் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது, நாற்பது என்று எழுதிய இடத்தில் மட்டும் அடித்துவிட்டு எழுபது என்று திருத்தியிருக்கிறார்கள்.